பதினெட்டாவது நீலத்திரை

அத்தியாயம் 11

நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு விஜய்ஆனந்த் யு.பி.எஸ். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் குனிந்திருந்த சாய்பிரசாத்தின் வலது மணிக்கட்டின் மேல் போட்டான். ஏழு கிலோ. இப்போது புதன்கிழமை காலை பத்து.

தேவிகா அதைப் பார்க்கவில்லை. அப்போது அவள் திருச்சியில், ஹாஸ்டலில் இருந்தாள். நேற்று சாயங்காலம் மாட்டுத்தாவணியில் இறங்கி வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் விஜய்ஆனந்த் சொன்னதில் பெட்டி கை தவறி விழுந்தது. நாகமணி அத்தை போனில் சொன்னதில் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அண்ணி மீனலோசனி சொன்னதில் யு.பி.எஸ்.ஸே இல்லை. அடுப்படியில் இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது, பிறகு சாய் கத்தினான், அவ்வளவுதான்.

அப்பா பாலசுந்தரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்த அறையிலேயே இருந்தார்.

சாய்பிரசாத் அத்தை மகன். திருப்பரங்குன்றத்தில் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவன். தை மாதம் தேவிகாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் பொருத்திக் கொடுத்ததுதான். விஜய்ஆனந்த் அதில் ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தான். ஆறரை மாதம் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், இந்த அக்டோபரில் திடீரென்று நின்று நின்று நீலத்திரை காட்ட ஆரம்பித்தது. இருநூறு பக்க ஆய்வேடு ஒன்று பாதியில் போயிற்று. அதன் சொந்தக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ராம் என்கிற மெமரிப் பட்டையைப் பழசாகப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்றான் விஜய்ஆனந்த். தெருவில் சொன்னான், சௌராஷ்டிரச் சங்கத்தில் சொன்னான். சாய் மூன்றாவது முறையாகப் பார்க்க வந்த அன்றுதான் பெட்டி விழுந்தது.

இரண்டு எலும்பு. டாக்டர் தகடு வைக்க வேண்டும் என்கிறார். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கை.

இன்று மாலை ஐந்து மணிக்கு அத்தை வருகிறாள். தெரிந்த ஏட்டு ஒருவரையும் கூட்டி வருகிறாள். விஜய்ஆனந்த் எல்லார் முன்னாலும் தன் மேல்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் புகார், தையில் கல்யாணமும் இல்லை. விஜய்ஆனந்தும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். பார்ட்ஸ் நல்ல பார்ட்ஸ் என்று எவனாவது காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

காலையில் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும்போது அவன் கம்ப்யூட்டர் அறையைக் காட்டிவிட்டுப் போனான். நான் வர நாலு மணியாகும், அதுவரை அதில் யார் கையும் படக் கூடாது.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் தேவிகா போய் அதன் முன் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ஒன்று, அண்ணன் ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வழி உண்டா. இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாய் உண்மையிலேயே ஏமாற்றியிருந்தால், அவனை அவள் கட்டிக்கொள்ள மாட்டாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. ஒவ்வொரு தடவை நீலத்திரை வரும்போதும் விண்டோஸ் ஒரு சின்னக் கோப்பை எழுதி வைத்துவிட்டுத்தான் நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில் அதைப் பார்த்திருக்கிறாள். தேடி எடுத்தாள். பதினேழு கோப்புகள். ஒரு நோட்டில் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதும்போது வாய்விட்டு வாசிப்பது அவளுக்குப் பழக்கம்.

"அஞ்சாம் தேதி, ஞாயிறு, காலைல பதினொண்ணே கால்."

"அன்னைக்கு மவுஸு," என்றாள் மீனலோசனி. ஈரக் கையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "செவுத்துல அடிச்சார்."

தேவிகா திரும்பிப் பார்த்தாள். அண்ணி வேடிக்கையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. காய்கறிக்காரி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆறாம் தேதி, எட்டு நாப்பது. ராத்திரி."

"தட்டு. சாம்பார் பூராம் என் கால்ல."

"ஏழாம் தேதி, மூணு மணி."

"இந்தக் காது." மீனலோசனி வலது காதைத் தொட்டாள். "இந்தப் பக்கமா நின்னா இப்பவும் குக்கர் விசில் கேக்க மாட்டேங்குது. எத்தனைன்னு எண்ண முடியல, சோறு கொழஞ்சிருது. அதுக்கு ஒண்ணு."

ஒன்பதாம் தேதி இரண்டு தடவை. ஒன்று நாற்காலி, ஒன்று கழுத்து. தேவிகா எழுதினாள். பேனா நிற்காமல் எழுதினாள். இது வெறும் தேதிப் பட்டியல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பத்தாம் தேதி, காலைல ஆறு பத்து."

மீனலோசனி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அண்ணி, பத்தாம் தேதி."

"அன்னைக்கு என்னை அடிக்கல."

"பின்ன யாரை?"

"பால் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு மீனலோசனி போய்விட்டாள். அடுப்பு எரிகிற சத்தமே இல்லை.

தேவிகா பட்டியலைப் பார்த்தாள். ஐந்தாம் தேதிக்கு முன்னால் ஒன்று கூட இல்லை. ஆறரை மாதத்தில் ஒன்று கூட. பழைய ராம் என்றால் முதல் வாரத்திலேயே பல்லைக் காட்டியிருக்கும். நாலாம் தேதி ஆயுதபூஜை. அன்று கம்ப்யூட்டரைத் தொடவில்லை; மறுநாள்தான் போட்டார்கள். மறுநாளே முதல் நீலத்திரை.

அவள் திருப்பரங்குன்றத்துக்குப் போன் செய்தாள். அத்தை எடுத்தாள். குரல் தெரிந்ததும் ரிசீவரை மகனிடம் கொடுத்தாள்.

"உசுரோட இருக்கானான்னு பாக்கப் போன் பண்றியா?" என்றான் சாய்.

"ராம் பழசா?"

"நீயுமா கேக்குற."

"நான் கேக்கணும்ல. கட்டிக்கப் போறது நானு."

"புதுசு. என் கையால கவர் கிழிச்சது," என்றான். பிறகு, கோபம் ஓய்ந்த குரலில், திரையில் வருகிற நம்பர் ஒரே நம்பரா என்று கேட்டான். இல்லை, பதினேழில் ஒன்பது விதம் என்றாள். அவன் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. ஒரே நம்பர் என்றால் ஏதோ ஒரு மென்பொருள் என்றான். மாறி மாறி வந்தால் ராம், அல்லது அது உட்காருகிற இடம். ஊரெல்லாம் வைரஸ் என்று பேச்சாக இருந்ததால் அவனும் இரண்டு தடவை வந்து வைரஸையே தேடியிருக்கிறான்.

"மொத நாளே பொட்டியத் தொறந்திருந்தா கை முழுசா இருந்திருக்கும். தொறக்கலாம்னு குனிஞ்சேன், அதுக்குள்ள உங்கண்ணன் முந்திக்கிட்டார்."

"எப்படித் தொறக்கணும்னு சொல்லு."

"கரண்ட்டப் புடுங்கிட்டுத் தொற, எம்.எஸ்ஸி. அம்மா. ராமைக் கழட்டி, மஞ்சளாப் பல்லு பல்லா இருக்குமே, அதுல பென்சில் ரப்பர் வச்சுத் தேய். வேற ஒண்ணும் வேணாம்." வைக்கப் போனவன் மறுபடி சொன்னான். "தேவி, உங்கண்ணன் வாரதுக்குள்ள மூடிரு."

நான்கு ஸ்க்ரூ. பக்கத்துத் தகடு நகர்ந்து வந்தது.

முதலில் தெரிந்தது சுத்தம். மதுரையில் ஏழு மாதம் ஓடிய பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. யாரோ மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் துடைத்திருந்தார்கள். பிறகு வாசனை. மெஷின் ஆயில். அதற்கப்புறம்தான் பொட்டுகளைப் பார்த்தாள்.

காற்றாடியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில் ஒன்று. மின்சாரப் பெட்டியில் ஒன்று. விரல் நீளத்தில் இரண்டு பச்சைப் பட்டைகள் நின்றன, அவைதான் ராம். ஒன்றைக் கழற்றினாள். கீழ் ஓரத்தில் தங்கம் மாதிரி மின்னுகிற பல் வரிசையின் மேல் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து, வெடித்து, பொடி பொடியாக அது உட்காருகிற பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருந்தது.

தேவிகாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அது தொண்டைக்கு வருவதற்குள் நின்றுவிட்டது.

முப்பது வருஷம் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அப்பா. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் அங்கே தறிகளைப் பிரித்து, கழிவுப் பஞ்சால் துடைத்து, அசைகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் பொட்டு வைப்பார். வெளியே தெரிகிற பாகத்துக்கு மட்டும் வைப்பது சோம்பேறி வேலை என்பார். உள்ளே உழைக்கிறதுக்குத்தான் முதல் பொட்டு. சின்னப் பிள்ளையில் தேவிகா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள்.

தறி இப்போது அவரிடம் இல்லை. வீட்டில் உழைக்கிற கருவி இது ஒன்றுதான். முறையாகச் செய்திருக்கிறார். அதுவும் மின்னுகிற இடமாகப் பார்த்து.

மீனலோசனி வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியுமா உங்களுக்கு?"

"நான் வச்சதுன்னு சொல்லிரு."

"நீங்க ஸ்க்ரூ டிரைவரையே தொட்டது கிடையாதே அண்ணி."

"உங்கண்ணன் அதெல்லாமா பாக்கப் போறார். எனக்கு ரெண்டு விழும், முடிஞ்சிரும்." அவள் குரல் இன்னும் இறங்கியது. "மாமாவ மட்டும் சொல்லாத."

அப்பா பின்கட்டில் பழைய பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தார். மகன் முன்வாசலில் நுழைந்தால் அவர் பின்கட்டுக்குப் போய்விடுவார். மகன் இல்லாத நேரத்திலும் இப்போது அங்கேதான் இருக்கிறார் என்பதை தேவிகா நேற்றே கவனித்திருந்தாள். அம்மா செத்த பிறகு மனுஷர் ஒடுங்கிப்போனார் என்று நினைத்திருந்தாள்.

அவள் கழற்றிய ராமை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நீங்கள்தானா என்று கேட்டாள்.

அவர் அதையே பார்த்தார். "இப்ப ஓடுதா?"

"தொடச்சா ஓடும்."

"அப்பச் சரி."

"என்னப்பா சரி. சாய் கை ரெண்டா ஒடஞ்சு கெடக்கு. நீங்க அங்கதான இருந்தீங்க. ஒரு வார்த்த, நான்தான் தொறந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்தப் பெட்டி விழுந்திருக்குமா? ஏன் சொல்லல?"

அவர் துணிப் பையை எடுத்து உதறினார். கீரை வாங்கிட்டு வாரேன் என்று முணுமுணுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

தேவிகா அங்கேயே நின்றாள். தன் அப்பா ஒரு கோழை என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள். நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அழுது பயனில்லை. வேலை கிடந்தது.

ஒரு ராமை மட்டும் ரப்பரால் தேய்த்தாள். தங்கம் தெரிந்தது. அதன் பள்ளத்தைப் புது பல் துலக்கும் பிரஷ்ஷால் பெருக்கினாள். அந்த ஒன்றை மட்டும் போட்டு கம்ப்யூட்டரை ஓட்டினாள். பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. ஒரு நடுக்கம் கூட இல்லை. இரண்டாவது ராமைச் சந்தனத்தோடு அப்படியே ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள். ஐந்து மணிக்கு எல்லார் கண் முன்னாலும் அதை மாட்டுவாள். நீலத்திரை வரும். பார்ட்ஸில் குற்றமில்லை என்று அதுவே சொல்லும். யார் வைத்தது என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணி என்றவன் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டான்.

திறந்த பெட்டியைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். கீபோர்டை எடுத்து மேஜை விளிம்பில் அடித்தான். ஒரே அடிதான், எழுத்துகள் அறை முழுவதும் தெறித்தன. ஒன்று தேவிகாவின் உதட்டைக் கிழித்தது. அடுத்து அவள் பின்னலைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். தலை பின்னால் போயிற்று. கூரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"சொன்னேன்ல. கை படக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"ஓடுது அண்ணே. நாலு மணி நேரமா ஓடுது."

"யாரக் கேட்டுத் தொட்ட? அவன் போன்ல சொல்லிக் குடுத்தானா? கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அவனுக்குச் சப்போட்டா?"

சுற்று இன்னும் ஒன்று இறுகியது. மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக வலித்தன. அண்ணன் அவளை இதுவரை அடித்ததில்லை. சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துத் தெப்பக்குளம் வரை தள்ளிக்கொண்டு போனவன். அந்த முகத்தைத் தேடினாள். இந்தக் கோணத்தில் அவன் முகமே தெரியவில்லை.

மீனலோசனி ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் பார்க்காமலே முழங்கையை வீசினான். அவள் கதவு நிலையில் மோதி உட்கார்ந்தாள். மோதின சத்தத்துக்குப் பிறகுதான் பின்னலை விட்டான். விட்டு, தன் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"வரட்டும். ஏட்டு வரட்டும். காட்டு, என்னத்தக் காட்டுறன்னு பாப்போம்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். நாகமணி அத்தை முன்னால், கழுத்துத் தூளியில் மாவுக்கட்டுக் கையோடு சாய்பிரசாத், அவர்களுக்குப் பின்னால் ஏட்டு சுருளி. பெரிய உருவம். பிளாஸ்டிக் நாற்காலியை ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். எழுத்தில் போனால் இரண்டு பக்கமும் நடையாய் நடக்க வேண்டும், பேசிப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். தேவிகாவின் உதட்டையும் மீனலோசனியின் நெற்றியையும் பார்த்தார்.

பாலசுந்தரமும் வந்திருந்தார். கீரைப் பையோடு பின்கட்டு வாசலிலேயே நின்றார்.

தேவிகா சொல்ல ஆரம்பித்தாள். நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை, குரல் வரவில்லை. அதனால் காட்டினாள். காகிதத்தைப் பிரித்து சந்தனம் ஒட்டிய ராமை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சாய் இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். பிறகு அவள் பெட்டியை நிறுத்தி, நல்லதைக் கழற்றி, இதை மாட்டி, மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம்.

"படம் எப்பம்மா போடுவீங்க?" என்றார் ஏட்டு.

"வரும் சார்."

"வராமப் போனா நல்லதுதான. வரலியேன்னு காத்துக் கெடக்குற கூட்டத்த இப்பத்தான் பாக்குறேன்."

ஏழாவது நிமிஷம் திரை துடித்தது. நீலம் விழுந்தது. மேலிருந்து கீழே வெள்ளை எழுத்துகள். பதினெட்டாவது.

அந்த நொடியில் மீனலோசனியின் வலது கை தானாக எழுந்து காதைப் பொத்திக்கொண்டது. யாரும் அவளைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் கூட யாரும் இல்லை. ஏட்டு அதைப் பார்த்தார். சாயும் பார்த்தான்.

விஜய்ஆனந்த் பார்த்தது ராமைத்தான். சாயின் மேல் குற்றமில்லை என்று இதற்கு மேல் ஒருவர் சொல்லத் தேவையில்லை. அவன் எழுந்தான்.

"சந்தனம் எவன் வச்சது?"

"நான்தான்," என்றாள் மீனலோசனி. காதிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "பூஜைக்கு வச்சேன். தெரியாம வச்சுட்டேன்."

ஏட்டு நாற்காலியிலிருந்து எழுவதற்குள் அடி விழுந்துவிட்டது. முதலில் கன்னம். அவள் சரிந்ததும் இடுப்பில் ஓர் உதை. ஏட்டு அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். என் முன்னாடியேவா, என்றார். அவர் குரல் உயரவில்லை.

அப்புறம் நடந்தது தேவிகாவுக்குப் பழகிய ஒன்றுதான். வெளியாள் முன்னால் நெருக்கடி வந்தால் இந்த வீடு தமிழை விட்டுவிடும். எல்லாரும் வீட்டு பாஷைக்கு, சௌராஷ்டிரத்துக்குப் போய்விட்டார்கள். அத்தைதான் தொடங்கினாள். மருமகள் தெரியாமல் செய்த தப்பு, பையனுக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது, சாய் மேல் பழி போயிற்று, அது போதும். விஜய்ஆனந்த் சுவரோடு நின்றபடியே சாயிடம் மன்னிப்புக் கேட்டான். சாய் தரையைப் பார்த்தான். அத்தை கேட்டாள், தையில் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு மைத்துனனைக் கம்பி எண்ண விடலாமா? ஏட்டை அனுப்பிவிடலாம். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள்ளேயே முடியட்டும்.

வார்த்தைகள் ஏட்டின் தலைக்கு மேலே வேகவேகமாகப் போய் வந்தன. அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்.

"ஏம்மா, தமிழ்ல பேசுங்க. நானும் கொஞ்சம் கேக்குறேன்."

"ஒண்ணுமில்லங்கய்யா," என்றாள் அத்தை. "பேசி முடிச்சாச்சு. சமாதானம்."

ஏட்டு பிடியை விட்டார். மேஜையிலிருந்த தொப்பியை எடுத்தார்.

தேவிகா காலையில் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. சாய் ஏமாற்றவில்லை. அண்ணன் ஜெயிலுக்குப் போகவில்லை. கல்யாணம் நிற்கவில்லை. தரையில் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தில் நாலு விரல் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

"அண்ணி இல்ல," என்றாள் தேவிகா.

வீட்டு பாஷையில்தான் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

"பின்ன யாரு?" என்று அதே பாஷையில் கேட்டான் விஜய்ஆனந்த்.

அவள் பின்கட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீலம் கண்ணில் கரித்தது.

கீரைப் பை தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

பாலசுந்தரம் நடந்து வந்தார். மகனைத் தாண்டி, தங்கை நாகமணியைத் தாண்டி, ஏட்டின் முன்னால் வந்து நின்றார். முப்பது வருஷம் தறிக்கூடத்தில் பத்து ஊர்க்காரர்களோடு பேசிய தமிழ் அவருடையது.

"ஏட்டய்யா, ஒரு நிமிசம் உக்காருங்க. சமாதானம்னு என் தங்கச்சி சொன்னது சரியில்ல."

அப்பா, உள்ளே போங்கள் என்று விஜய்ஆனந்த் வீட்டு பாஷையில் சொன்னான். அத்தையும் அதே பாஷையில் அண்ணே, வேண்டாம் என்றாள். அவர் அந்தப் பாஷைக்குப் போகவில்லை.

"பொட்டியத் தொறந்தது நானு. தொடச்சது, எண்ணெய் விட்டது, சந்தனம் வச்சது எல்லாம் நானு. என் மருமக அது பக்கமே போகல."

"அப்ப மொத நாளே சொல்லிருக்கலாமே பெரியவரே," என்றார் சுருளி. "இந்தத் தம்பி கை போயிருக்காதே."

"அதத்தான் காலைல என் மகளும் கேட்டா. அவளுக்குப் பதில் சொல்லாம கீரை வாங்கப் போயிட்டேன்."

"இப்பச் சொல்லுங்க."

விஜய்ஆனந்த் ஓர் அடி எடுத்து வைத்தான். ஏட்டு அவனைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை நீட்டித் தடுத்தார். கிழவரின் தோள்கள் தாமாகவே குறுகின. தேவிகா அதைப் பார்த்தாள். நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

அவர் குறுகிய தோளோடு நின்றபடியே, நிறுத்தி நிறுத்தி, எல்லாருக்கும் புரிகிற தமிழில் சொன்னார்.

"சொன்னா அடிப்பான்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அவங்கம்மா செத்த பதினாறாம் நாள்லேர்ந்து, என் மகன் என்னை அடிக்கிறான்யா."